கரி ரிப்பன் வந்த வழி

அகலம் ஏழு கார்பன் வரிசை. அளந்து சொன்னால் 0.74 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தடிமன் ஒரே ஓர் அணு. நீளமோ பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர்தான். கிராஃபீன் நானோரிப்பன் என்ற இந்தப் பொருளைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் எடுக்க முடியாது. ஆனாலும் இதற்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்கள் முப்பது ஆண்டுகளாகத் தலையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலான பொருள்கள் வந்த வழியில் இது வரவில்லை. முதலில் காகிதத்தில் பிறந்தது. அதன் குணங்கள் கணக்கில் தெரிந்தன. பல ஆண்டுகள் கழித்துத்தான் பொருள் கைக்கு வந்தது.

மூலம் நமக்குத் தெரிந்ததுதான்: பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட். இலங்கையில் கேகாலை மாவட்டத்து போகல சுரங்கத்திலும், குருணாகல் மாவட்டத்து கஹட்டகஹ சுரங்கத்திலும் அது பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. சில இடங்களில் தொண்ணூற்றெட்டு விழுக்காட்டுக்கு மேல் சுத்தக் கார்பன். இப்படிப்பட்ட நரம்புக் கிராஃபைட்டை வணிக அளவில் தோண்டி எடுக்கும் நாடு இலங்கை ஒன்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக இது இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது. உலோகம் உருக்கும் மூசைகளுக்கு இதைவிட நல்ல பொருள் அன்று இல்லை. இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் குடும்பச் செல்வத்தில் ஒரு பெரும் பங்கு இந்தக் கருப்புக் கல்லிலிருந்து வந்தது. நம் பக்கம் சிவகங்கையில் அது வேறு வடிவத்தில், பாறைக்குள் சிறு சிறு செதில்களாகக் கலந்து கிடக்கிறது. அதைத் தமிழ்நாடு அரசின் டாமின் நிறுவனம் வெட்டி எடுத்து, அரைத்து, நீரில் மிதக்கவிட்டுப் பிரிக்கிறது.

கிராஃபைட்டின் கதையில் புதுச்சேரிக்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு இடம் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு இங்கிலாந்தோடு போர் மூண்டது. 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அதே போரால் இங்கிலாந்தின் போரோடேல் சுரங்கத்துக் கட்டிக் கிராஃபைட் பிரான்சுக்குக் கிடைக்காமல் போனது. படைக்கும் பள்ளிக்கும் பென்சில் வேண்டுமே! நிக்கோலா ழாக் கோந்தே என்ற பொறியாளர், மட்டமான கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டு 1795-ல் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் எழுத்து மங்கும், குறைந்தால் கருக்கும். இன்றைக்கு நாம் சீவும் பென்சில் அந்த முறையில் வந்ததுதான்.

பென்சில் எழுதுவதற்குக் காரணம் கிராஃபைட் அடுக்கடுக்காக இருப்பது. ஒவ்வொரு அடுக்கிலும் கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கோத்திருக்கின்றன. பக்கத்து அணுக்களுக்கு நடுவே 0.142 நானோமீட்டர், பிணைப்பு மிக உறுதி. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே 0.335 நானோமீட்டர், அங்கே பிடிப்பு மிகத் தளர்வு. தாளில் தேய்த்தால் அடுக்குகள் வழுக்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு கார்பனுக்கும் வெளி எலக்ட்ரான் நான்கு. மூன்று, பக்கத்து மூன்று அணுக்களைப் பிடித்துக்கொள்ளப் போய்விடுகிறது. மிஞ்சிய ஒன்று யாருக்கும் கட்டுப்படாமல் தளம் முழுக்க உலவுகிறது. நம் கதை முழுவதும் அந்த நான்காவது எலக்ட்ரானின் கதை.

அணு உலைகளில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கக் கிராஃபைட் பயன்பட்ட காலத்தில், கனடாவில் பி. ஆர். வாலஸ் அதன் மின்குணங்களைக் கணக்குப் போட்டார். முழுக் கிராஃபைட் சிக்கலாக இருந்ததால், ஒரே ஓர் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கினார். 1947-ல் வெளிவந்த அந்தக் கட்டுரைதான் கிராஃபீனின் பிறப்புச் சான்றிதழ் என்பேன். ஓர் அடுக்கு தனியாக நிற்கும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் கணக்கு ஒரு விசித்திரத்தைக் காட்டியது. சிலிக்கானில் எலக்ட்ரான் நிறைந்த ஆற்றல் நிலைகளுக்கும் காலியான நிலைகளுக்கும் நடுவே 1.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருக்கிறது. ஒற்றைக் கார்பன் அடுக்கில் அந்த இடைவெளியே இல்லை. இரண்டும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளியின் அருகே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆண்டு 1996. ஜப்பானில் மிட்சுதக்கா ஃபுஜிதா, தம் தோழர்கள் கியோகோ நகாடா, கட்சுனோரி வகபயாஷி, கொய்ச்சி குசகபே ஆகியோரோடு ஒரு கேள்வி கேட்டார்: அந்த அடுக்கை ஒடுக்கமான ரிப்பனாக வெட்டினால் என்ன ஆகும்? வெட்டுவதற்கு அடுக்கே கையில் இல்லை. ஆனாலும் கேட்டார்கள். நகாடாவும் ஃபுஜிதாவும் அமெரிக்காவின் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸ், ஜீன் டிரெசல்ஹாஸ் தம்பதியோடு எழுதிய கட்டுரையும் அதே ஆண்டு வந்தது. அறுகோண வலையை ஒரு திசையில் வெட்டினால் விளிம்பு ரம்பப்பல் போல வளைந்து வளைந்து வரும், அது ஜிக்ஸாக். முப்பது பாகை திருப்பி வெட்டினால் வேறு வடிவம், அது ஆர்ம்சேர். ஜிக்ஸாக் ரிப்பனில் எலக்ட்ரான்களின் ஒரு கூட்டம் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆர்ம்சேர் ரிப்பனில் அப்படி இல்லை. அங்கே எல்லாம் அகலத்தைப் பொறுத்தது. ஃபுஜிதா சில ஆண்டுகளில் காலமாகிவிட்டார். அவர் கணித்த ரிப்பனைப் பிறகு உண்டாக்கிக் காட்டியதைப் பார்க்க அவர் இல்லை.

அகலத்தைப் பொறுத்தது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக மனமில்லை, ஏனென்றால் இந்தக் கணக்கைப் பிளஸ் டூ மாணவர் ஒருவரே போட்டுப் பார்த்துவிடலாம். ரிப்பனின் அகலத்தில் எத்தனை கார்பன் வரிசை என்று எண்ணுங்கள். அதோடு ஒன்று கூட்டி, 180 பாகையை அந்த எண்ணால் வகுங்கள். வரும் கோணத்தின் மடங்குகளில் 120-க்கு மிக அருகில் உள்ளதை எடுங்கள். அதன் கொசைனை இரட்டித்து ஒன்றோடு கூட்டுங்கள். குறியை விட்டுவிட்டு, அதை 2.7-ஆல் பெருக்கி இரட்டித்தால் இடைவெளி எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 2.7 என்பது ஓர் அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்கு எலக்ட்ரான் தாவும் வலிமை. இப்போது எட்டு வரிசை ரிப்பனை எடுப்போம். 180-ஐ ஒன்பதால் வகுத்தால் 20. அதன் ஆறாவது மடங்கு சரியாக 120. 120 பாகையின் கொசைன் மைனஸ் அரை. இரட்டித்து ஒன்றோடு கூட்டினால் பூஜ்யம். இடைவெளியே இல்லை, அதாவது உலோகம்! ஒரு வரிசையைக் குறைத்து ஏழாக்குங்கள். கோணம் 22.5, ஐந்தாவது மடங்கு 112.5, இடைவெளி ஏறத்தாழ 1.27. எட்டோடு ஒரு வரிசை கூட்டி ஒன்பதாக்குங்கள், 126 பாகை வரும், இடைவெளி 0.95. ஒரே ஒரு கார்பன் வரிசை கூடுவதிலும் குறைவதிலும் கடத்தி குறைகடத்தியாகிறது, குறைகடத்தி கடத்தியாகிறது. மூன்று மூன்றாக இந்த ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும்: 8, 11, 14 எல்லாம் பூஜ்யம்.

2006-ல் பெர்க்லியில் சன், கோஹன், லூயி மூவரும் இதைத் திருத்தினார்கள். விளிம்பில் உள்ள கார்பன் பிணைப்புகள் நடுவில் உள்ளவற்றைவிட ஏறத்தாழ 3.5 விழுக்காடு சுருங்கி நிற்கின்றன. அந்தச் சிறு சுருக்கம் போதும், எட்டு வரிசை ரிப்பனிலும் சின்னதாக ஓர் இடைவெளி திறந்துவிடும். அணுக்களில் பெரும்பகுதி உள்ளே இருந்தாலும், ரிப்பன் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் கடைசி வரிசையின் பேச்சே எடுபடுகிறது.

இதற்கிடையில் பொருளும் வந்து சேர்ந்தது. 2004-ல் மான்செஸ்டரில் ஆந்திரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டைத் திரும்பத் திரும்ப உரித்து, சிலிக்கான் தகட்டின் மேல் ஒற்றை அடுக்கை இறக்கினார்கள். 2010-ல் நோபல் பரிசு. இந்தக் கதை எல்லோரும் சொல்வது, விரிக்க வேண்டாம். ரிப்பனுக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: கிராஃபீனில் மின்சாரம் பிரமாதமாக ஓடுகிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை. டிரான்சிஸ்டர் என்பது நிறுத்தத் தெரிந்த கருவி. இடைவெளி இல்லாத பொருளில் அது முடியாது. 1996-ன் கணக்கை எல்லோரும் தூசி தட்டி எடுத்தது அப்போதுதான்.

2007-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிலிப் கிம் குழு கிராஃபீனை எலக்ட்ரான் கற்றையால் வரைந்து, ஆக்சிஜன் பிளாஸ்மாவால் அரித்து ரிப்பன் வெட்டியது. அகலம் குறையக் குறைய இடைவெளி கூடியது, கணக்கு சொன்னபடியே. ஆனால் ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. எந்தத் திசையில் வெட்டினாலும் ஒரே மாதிரி விடை வந்தது. ஜிக்ஸாக்கும் ஆர்ம்சேரும் எங்கே போயின? பிளாஸ்மா அரித்த விளிம்பு ஒழுங்காக இல்லை. இங்கே இரண்டு அணு நீட்டிக்கொண்டும் அங்கே மூன்று அணு உள்வாங்கியும் கிடந்தது. புதுச்சேரியை அடுத்த பிள்ளைச்சாவடிக் குப்பத்துக் கரையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலை மறித்த பிறகு, இந்தக் கரை ஓரிடத்தில் உள்வாங்கியும் ஓரிடத்தில் நீண்டும் அரிபட்டு, வீடுகள் கடலுக்குள் போயின, தூண்டில் வளைவு கேட்டு மீனவர்கள் சாலைக்கு வந்தார்கள். அகலமான ஊருக்கு அந்த அரிப்பு ஓரத்து இழப்பு. சில நானோமீட்டர் அகலமே உள்ள ரிப்பனுக்கு ஓரம்தான் முழு ஊர். அரிபட்ட ரிப்பனில் எலக்ட்ரான் நேராக ஓடுவதில்லை, ஓரத்தில் மோதிச் சிதறுகிறது. குளிர்வித்தால் ரிப்பன் முழுவதும் சிறு சிறு தீவுகளாகத் துண்டுபட்டு, எலக்ட்ரான் தீவுக்குத் தீவு தாவித்தான் கடக்க வேண்டியிருக்கிறது. அளந்த இடைவெளியில் எவ்வளவு ரிப்பனுடையது, எவ்வளவு இந்தத் தீவுகளுடையது என்று பிரித்துச் சொல்வதே கடினமானது.

2008-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜியே தாய் குழு வேதிமுறையில் பத்து நானோமீட்டருக்கும் குறுகிய, வழவழப்பான விளிம்புள்ள ரிப்பன்களைப் பிரித்தது. ஓடும்போது உள்ள மின்னோட்டத்துக்கும் நிறுத்தும்போது உள்ளதற்கும் விகிதம் ஒரு கோடி வரை போனது, அதுவும் அறை வெப்பநிலையில். அடுத்த ஆண்டு கார்பன் நானோகுழாய்களை நீளவாக்கில் பிளந்து ரிப்பனாக விரிக்கும் முறைகள் வந்தன. ஆனாலும் எந்த முறையிலும் விளிம்பை அணு அணுவாகக் கட்டளையிட முடியவில்லை.

அதை முடித்துக்காட்டியது 2010. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் ரோமன் ஃபாசல் குழுவும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கிளாஸ் முல்லன் குழுவும் சேர்ந்து, வெட்டுவதையே கைவிட்டு, கட்டத் தொடங்கினார்கள். எடுத்துக்கொண்ட மூலக்கூறு டைபுரோமோ பைஆந்த்ரில். இரண்டு ஆந்த்ரசீன் துண்டுகள் ஒன்றோடொன்று பிணைந்து, இரு முனையிலும் ஒவ்வொரு புரோமின். வெற்றிடத்தில், சுத்தமான தங்கத்தின் மேல் இதைப் படியவிட்டார்கள். தங்கத்தை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியதும் புரோமின்கள் கழன்றுகொண்டன. கை காலியான மூலக்கூறுகள் தங்கத்தின் மேல் நகர்ந்து, முனையோடு முனை பிடித்துச் சங்கிலியாயின. பிறகு 400 டிகிரி. பக்கத்து ஹைட்ரஜன்கள் விலக, முறுக்கிக்கொண்டிருந்த வளையங்கள் தட்டையாகப் படுத்து ஒன்றோடொன்று இணைந்தன. கிடைத்தது ஏழு வரிசை ஆர்ம்சேர் ரிப்பன். ஒவ்வொரு விளிம்பு அணுவும் அதனதன் இடத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன். ஊசிமுனை நுண்ணோக்கியில் பார்த்தபோது அறுகோணங்கள் பிழையில்லாமல் நீண்டு கிடந்தன. 1996-ல் தாளில் வரைந்த படம் அப்படியே தங்கத்தின் மேல்.

தங்கம் மின்கடத்தி. அதன் மேலேயே கிடந்தால் ரிப்பன் வழியாக ஓடும் மின்சாரத்தை எப்படி அளப்பது? ரிப்பனை அங்கிருந்து எடுத்து வேறு தளத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு சில பத்து நானோமீட்டரே நீளமுள்ள அதன் இரு முனையிலும் உலோகத்தைத் தொடவைக்க வேண்டும். தொடும் இடத்திலேயே ஆற்றல் தடுப்பு எழும்பி மின்னோட்டத்தை மறிக்கும். இந்தத் தடுப்போடு பல ஆண்டுகள் போராட்டம். 2017-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் எம்பா, முல்லன் குழுக்களோடு சேர்ந்து ஒன்பது வரிசை ரிப்பனில் டிரான்சிஸ்டர் செய்தார்கள். மின்னோட்டத்தைத் திறந்து மூடும் வாயிலின் காப்பு ஹாஃப்னியம் ஆக்சைடு, எலக்ட்ரான் ஓடும் கால்வாயின் நீளம் இருபது நானோமீட்டர் அளவு. ஒரு வோல்ட்டில் ஒரு மைக்ரோஆம்பியருக்கு மேல் ஓடியது, விகிதம் ஒரு லட்சம். இன்றுவரை கடையில் வாங்கும் எந்தச் சில்லும் ரிப்பனில் செய்ததில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேறொரு வழியில் 2014-ல் ஓர் அதிசயம் அளக்கப்பட்டது. ஜார்ஜியா டெக்கில் வால்ட் டி ஹீர் குழு சிலிக்கான் கார்பைடு படிகத்தில் படிக்கட்டு வெட்டி, அந்தப் படிகளின் ஓரத்தில் நாற்பது நானோமீட்டர் அகல ரிப்பன்களை வளர்த்திருந்தது. நமக்குத் தெரிந்த ஓம் விதிப்படி கம்பியின் நீளம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். இந்த ரிப்பனில் பத்து மைக்ரோமீட்டருக்கு மேலும் எலக்ட்ரான் எதிலும் மோதாமல் போனது, அறை வெப்பநிலையில்! செம்பில் ஒரு எலக்ட்ரான் ஏறத்தாழ நாற்பது நானோமீட்டர் ஓடுவதற்குள் மோதிவிடும். அப்படியானால் இந்த ரிப்பனில் தடை பூஜ்யமா? இல்லை. 1957-ல் ரால்ஃப் லாண்டாவர் தொடங்கிய சிந்தனையின்படி, குறையே இல்லாத ஒற்றைப் பாதைக்கும் 12,906 ஓம் தடை உண்டு. அது ரிப்பனில் பிறப்பதில்லை. எண்ணற்ற பாதைகள் உள்ள உலோகத்திலிருந்து ஒரே பாதைக்குள் நுழையும் வாசலில் பிறக்கிறது.

இந்த வாசலையும் பாதையையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஓர் இந்தியர். கரக்பூர் ஐஐடியில் படித்து, 1981 முதல் பர்டூ பல்கலைக்கழகத்தில் இருக்கும் சுப்ரியோ தத்தா. அவர் பரப்பிய கிரீன் சார்பு முறையில் ரிப்பன் ஓர் அணி (மேட்ரிக்ஸ்). ஏழு வரிசை ரிப்பனின் திரும்பத் திரும்ப வரும் துண்டில் 14 கார்பன் அணுக்கள், ஆகவே 14-க்கு 14 கட்டம். பக்கத்து அணுக்களுக்கு நடுவே அதே 2.7, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். இருபுறமும் இரு உலோகங்களின் பாதிப்பைச் சேர்த்து, அணியை நேர்மாறாக்கினால், எந்த ஆற்றலில் எவ்வளவு எலக்ட்ரான் கடந்துபோகும் என்று விடை வரும். விளிம்பில் ஓர் அணுவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓடவிட்டால் மின்னோட்டம் எவ்வளவு சரிகிறது என்று அப்போதே தெரியும். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தில் ஸ்வபன் பதி குழு 2009-ல் கணக்கிலேயே ஒரு கண்டுபிடிப்பு செய்தது: ஜிக்ஸாக் ரிப்பனில் கார்பன்கள் சிலவற்றுக்குப் பதில் போரானும் நைட்ரஜனும் வைத்தால், ஒரு வகைச் சுழற்சி கொண்ட எலக்ட்ரான்களுக்கு அது உலோகம், மறுவகைக்கு அடைத்த கதவு.

கணக்கிலேயே இவ்வளவு செய்ய முடிவதால்தான் இந்தக் கட்டுரையைப் பிள்ளைச்சாவடியில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1984-ல் தொடங்கிய புதுச்சேரி பொறியியல் கல்லூரி, இன்று புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக நிற்பது இந்த ஊரில். அண்டையில் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். தங்கப் படிகமும் வெற்றிடக் கலனும் கோடிகளை விழுங்கும் பொருள்கள், அவை எல்லா ஊருக்கும் வராது. ஆனால் இந்த ரிப்பனின் வாழ்க்கையில் பொருளுக்கு முன்னால் எப்போதும் கணக்கு வந்திருக்கிறது, 1947-லும் 1996-லும் 2006-லும். அந்தக் கணக்குக்கு ஒரு மடிக்கணினி போதும். தத்தாவின் விரிவுரைகளும் ரிப்பனுக்கான கணிப்பு நிரல்களும் நானோஹப் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. குவான்ட் என்ற பைத்தான் நிரல்தொகுப்பும் இலவசம். கிராஃபீனை வைத்தே அது பாடம் நடத்துகிறது.

மின்னணுவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு டிரான்சிஸ்டர் பாடத்தை சிலிக்கானோடு முடித்துவிடாதீர்கள். எட்டு வரிசை ரிப்பன் கணக்கைக் கரும்பலகையில் ஒரு வகுப்பு போட்டுக்காட்டுங்கள். அடுத்த வாரம் 14-க்கு 14 அணியை அவர்களே கணினியில் எழுதட்டும். விளிம்பில் எந்த அணுவை எடுத்தால் மின்னோட்டம் அதிகம் சரிகிறது என்று தேடட்டும். அந்தக் கேள்விக்கு எல்லா அகலத்துக்கும், எல்லா வடிவத்துக்கும் இன்னும் யாரும் விடை எழுதி முடிக்கவில்லை.